பூனை வீட்டார் சம்மதம்

சென்னையில் சும்மா கிடைக்கிற சாமான்கள் என்று ஒரு பட்டியல் போட்டால், முதல் மூன்று இடத்துக்குள் பூனைக்கு ஓர் இடம் நிச்சயம். மதில் மேல் பூனை, மீன்கடை வாசலில் பூனை, நிறுத்தி வைத்த ஆட்டோவின் பின்சீட்டில் பூனை, கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் பரம்பரை பாத்தியதையோடு உலாவும் பூனை. எதற்கும் யாரும் மனுப் போட்டதில்லை. அதே பூனையை முறைப்படி ஒரு காப்பகத்தில் போய், 'ஒன்று கொடுங்கள், வளர்க்கிறேன்' என்று கேட்டுப் பாருங்கள். பர்சனல் லோன் எவ்வளவு சுலபம் என்பது அப்போது புரியும்.

கடன் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, நாளைக்கு நாலு தடவை போன் போட்டு ஐந்து லட்சம் தருகிறேன் என்கிறார்கள். பூனை வேண்டும், வேண்டும் என்று ஆறு மாதமாக நான் போன் போடுகிறேன். மூன்று காப்பகங்கள், இரண்டு பேட்டிகள், ஒரு வீடியோ கால், ஒரு பால்கனி வலை. செலவு 3,700 ரூபாய். வரவு, பூஜ்யம். பி.காம். படித்தவன் என்ற முறையில் இதை எந்த லெட்ஜரில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"தெருவுல போற ஒண்ணைத் தூக்கிட்டு வந்தா போச்சு, இதுக்கு எதுக்குடா அப்ளிகேஷன்?" என்கிறார்கள் நண்பர்கள். தூக்கிப் பார்த்தவர்களின் முழங்கையைப் பார்த்தால் பதில் தெரியும். பூனை பிறந்து ஏழெட்டு வாரத்துக்குள் மனிதர்களோடு பழகிவிட வேண்டும். அந்தப் பருவத்தில் மனித வாசனையே படாமல் தெருவில் வளர்ந்தது, பிறகு மடியில் வந்து உட்காருவது அபூர்வம். காப்பகத்தில் இருப்பவையோ, யாரோ அட்டைப்பெட்டியில் வைத்து வாசலில் விட்டுப்போன குட்டிகள். பாட்டிலில் பால் குடித்து, மனிதக் கையிலேயே வளர்ந்தவை. மடி வேண்டும் என்று அவை காத்துக்கொண்டிருக்கின்றன. மடி ஒன்று என்னிடம் காலியாக இருக்கிறது. எளிய கணக்கு.

சரக்கு நிலவரமும் சாதகம்தான். பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். கர்ப்ப காலம் ஒன்பது வாரம். ஒரு பிரசவத்துக்கு மூன்று முதல் ஐந்து குட்டிகள். வருஷத்துக்கு இரண்டு மூன்று பிரசவம் சர்வசாதாரணம். குட்டிகளுக்குக் குட்டி, அதற்கும் குட்டி. கூட்டு வட்டிக்கு இதைவிட நல்ல உதாரணத்தை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தந்ததில்லை. சப்ளை ஏராளம், விலை பூஜ்யம், வாங்க வந்தவன் வாசலில் நிற்கிறான். பொருளாதாரப் பாடப் புத்தகப்படி வியாபாரம் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை.

★

முதல் காப்பகம் ஓர் அப்ளிகேஷன் அனுப்பியது. 46 கேள்விகள். கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடலை நக்கித் தீர்த்துவிடலாம் என்று போன பூனையோடு தம்மை ஒப்பிட்டுக்கொள்கிறார். அந்தப் பூனையின் மனநிலை எனக்கு ஒன்பதாவது கேள்வியிலேயே வந்துவிட்டது.

சொந்த வீடா, வாடகையா? மாத வருமானம்? கல்யாணம் ஆனவரா? ஆகவில்லை என்றால், ஆனபிறகு வருகிறவருக்குப் பூனை பிடிக்காவிட்டால்? குழந்தை பிறந்தால் பூனை எங்கே போகும்? வெளிநாட்டு வேலை கிடைத்தால்? வேலைக்குப் போன பேட்டிகளில்கூட, 'ஐந்து வருஷம் கழித்து நீங்கள் எங்கே இருப்பீர்கள்?' என்றுதான் கேட்டார்கள். இவர்கள் பதினைந்து வருஷத்துக்குக் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்விதான். வீட்டுக்குள் வளரும் பூனை பன்னிரண்டு, பதினைந்து வருஷம் இருக்கும். இருபதைத் தாண்டினவையும் உண்டு.

'பூனைக்கு என்ன ஆகாரம் கொடுப்பீர்கள்?' என்றொரு கேள்வி. பால் என்று எழுதினால் ஃபெயில். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு மாட்டுப்பால் செரிப்பதில்லை, வயிற்றைக் கலக்கிவிடும். அது எனக்குத் தெரிந்திருந்ததால், வேகவைத்த கோழி, மீன், பூனைத் தீனி, நல்ல தண்ணீர் என்று எழுதினேன். இந்தக் கேள்வியில் தெனாலிராமனே தோற்றிருப்பார்.

வருமானத்தில் மாட்டிக்கொண்டேன். காப்பகத்துப் பெண் போன் செய்தார்.

"சாலரி ஸ்லிப் அட்டாச் பண்ணலியே சார்?"

"சம்பளம்னு இல்லீங்க. பத்திரிகைகளுக்கு எழுதறேன்."

"அது சரி சார், வேலை?"

"அதான் வேலை."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னணியில் ஏழெட்டுப் பூனைகள் மட்டும் கத்தின. அனுதாபமாகத்தான் இருக்க வேண்டும்.

"ஹவுஸ் ஓனர்கிட்ட நோ அப்ஜெக்‌ஷன் லெட்டராவது வாங்கிட்டு வாங்க சார்."

எங்கள் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்தின் அருமை தெரிந்தவர்.

"பூனைதானே? வளர்த்துக்குங்க தம்பி. மொட்டைமாடியில ஏற்கெனவே அஞ்சு இருக்கு, அதுங்க என்ன வாடகையா குடுக்குது?"

"அதையே ஒரு பேப்பர்ல எழுதி..."

"பேப்பரா?" முகம் மாறிவிட்டது. "வாயால எவ்வளவு வேணா சொல்றேன். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க. நாளைக்கு அந்தப் பேப்பரைக் காட்டி, பூனை பேர்ல பாத்தியதை கொண்டாடினா நான் கோர்ட்டுக்கா அலையறது?"

கடிதம் இல்லாமல் மனு அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுந்தது. அதோடு சரி. இல்லை என்றும் சொல்லவில்லை, உண்டு என்றும் சொல்லவில்லை. ஆறு வாரம் மதில் மேல் உட்கார்ந்திருந்தேன்.

ஊரில் இருந்து அம்மா போன் செய்தாள். "உன் வயசுப் பசங்கள்லாம் ரெண்டாவது குழந்தைக்கு எல்.கே.ஜி. அப்ளிகேஷன் போடறாங்க. நீ பூனைக்குப் போடறியேடா" என்றாள்.

★

இரண்டாவது காப்பகத்தின் பக்கத்தில் சுப்புவைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் கறுப்புக் கோடு, இடது காது ஓரத்தில் சின்னதாய் ஒரு கிழிசல், மூன்று மாதக் குட்டி. வீடியோவில் ஒரு தொண்டரின் தோளில் ஏறி, அவர் கண்ணாடியைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்தது. இவன்தான் என்று முடிவு செய்தேன்.

இங்கே வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வீடியோ காலில் போனைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தேன். பெண் பார்க்கும் படலம் கேள்விப்பட்டிருக்கிறேன். இது மாப்பிள்ளை வீட்டு ஜன்னல் பார்க்கும் படலம்.

"பால்கனிக்கு வலை இல்லையே சார்?"

"பூனை விழுமா? நாலு கால்ல நிக்கும்னு..."

"நிக்கும் சார். நின்ன பிறகுதான் தாடை உடையும்."

அவர் சொன்னது நிஜம். 1987ல் நியூயார்க் மிருக வைத்தியர்கள் இருவர் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். ஐந்தே மாதத்தில், மாடிகளில் இருந்து விழுந்து ஒரே மருத்துவமனைக்கு வந்த பூனைகள் 132. வைத்தியம் பார்த்ததில் பத்துக்கு ஒன்பது பிழைத்தன. ஆனால் நெஞ்சில் அடி, தாடை முறிவு, கால் முறிவு என்று பட்டது போதும் போதும் என்றாகிவிட்டது. புறாவைப் பார்த்ததும் பூனைக்கு, தான் மூன்றாவது மாடியில் இருப்பது மறந்துபோகும். மறு ஞாயிறே வலை போட்டேன். மேலே சொன்ன 3,700 அதுதான். அந்தக் காசு எனக்கு வலிக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்கள், செய்ய வேண்டியதைச் செய்தேன்.

வலையைப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் வந்தது.

"சாரி சார். சுப்புவை வேற ஃபேமிலிக்குக் குடுத்துட்டோம். சொந்த வீடு. ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க. தனியா இருக்கற ஜென்ட்ஸுக்கு நாங்க பொதுவா தர்றதில்லை."

பேச்சிலருக்கு வீடு இல்லை என்பது பழைய போர்டு. பேச்சிலருக்குப் பூனை இல்லை என்பது புது போர்டு. வலை போடச் சொல்வதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம். இப்போது என் பால்கனியில் புறாகூட வருவதில்லை.

பத்தொன்பதாம் நாள் சுப்பு திரும்பி வந்துவிட்டான். காப்பகத்தின் பக்கத்தில் மறுபடியும் படம். 'வீட்டில் பெரியவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று ஒரு வரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போனேன்.

★

காப்பகம் என்றதும் நான் ஏதோ பெரிய காம்பவுண்டு, போர்டு, ஆபீஸ் என்று கற்பனை செய்திருந்தேன். அது ஒரு வாடகை வீட்டின் கீழ்தளம். இரண்டு அறை, ஒரு வராந்தா, அறுபது பூனைகள். பினாயில் வாசனை. நடத்துகிற அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒரு கையில் மருந்து சிரிஞ்சு, இன்னொரு கையில் துண்டில் சுற்றிய பூனை, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். போனில் யாரோ, தம் வீட்டு மாடிப்படியில் நாலு குட்டி கிடக்கிறது, உடனே வந்து எடுத்துப் போகச் சொல்லி மிரட்டிக்கொண்டிருந்தார்.

சுப்பு தனிக் கூண்டில் இருந்தான். தும்மல். பூனைகளுக்கு ஒரு வகை வைரஸ் ஜலதோஷம் உண்டு. ஒரு தடவை வந்தால் உடம்புக்குள்ளேயே பதுங்கிக்கொள்ளும். இடம் மாறி, பயந்து, மனசு கலங்கும்போது வெளியே வரும். வீடியோவில் தோளில் ஏறின குட்டி, கூண்டின் பின்மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டேன். கிழிந்த காது மட்டும் ஒரு தடவை திரும்பிற்று. உடம்பு திரும்பவில்லை.

"அவங்க பேப்பர்லாம் பக்காவா இருந்துச்சு சார்" என்றார் அந்தம்மாள், நான் கேட்காமலே. "உங்களோடதைவிட."

"அப்ப இப்ப எனக்குத் தரலாமே?"

"இன்னொரு தடவை திரும்பி வந்துச்சுன்னா அது யாரையும் நம்பாது. நீங்க தனியா இருக்கீங்க."

"சுப்புவும்தான் தனியா இருக்கான்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "போன வருஷம் ஒரு பையன் வந்தான் சார். உங்களை மாதிரியே நல்லாப் பேசினான். நம்பிக் குடுத்தேன். வேலை மாத்திக்கிட்டு ஊருக்குப் போறப்ப, வீட்டைப் பூட்டிட்டு வாசல்லயே விட்டுட்டுப் போயிட்டான். நாலு நாள் கதவைப் பிறாண்டியிருக்கு. பக்கத்து வீட்டம்மா போன் பண்ணாங்க. நான் போறப்ப..." என்று சொல்லிவிட்டு, சிரிஞ்சில் அடுத்த மருந்தை ஏற்றப் போய்விட்டார்.

அந்த 46 கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று அப்போது புரிந்தது. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் திரும்பி வந்த ஒரு பூனை இருக்கிறது. சில கேள்விக்குப் பின்னால் திரும்பி வராத ஒன்று இருக்கிறது.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960ல் வந்தது. அதற்காகப் பாடுபட்டவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1962ல் பிராணிகள் நல வாரியம் அமைந்தபோது அவர்தான் முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகம் பல வருஷங்கள் நம் சென்னையில்தான் இருந்தது. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி பிராணியைக் கைவிடுவது அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி குற்றம். முதல் தடவைக்கு அதில் எழுதியிருக்கிற அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை. அந்தக் காலத்தில் 50 ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு இரண்டு டீ, இரண்டு வடை. பூனையைத் தெருவில் விடுவது அவ்வளவு மலிவாக இருக்கும்போது, கொடுப்பவர்கள் கேள்விகளால் சுவர் எழுப்பத்தான் செய்வார்கள்.

ஆனால் அந்தச் சுவர் யாரைத் தடுக்கிறது என்பதுதான் என் வழக்கு.

மாமல்லபுரம் போனவர்கள் அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தில் ஒரு பூனையைப் பார்த்திருப்பீர்கள். தவம் செய்கிற பாவனையில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். காலடியில் எலிகள் நம்பிக்கையோடு கூடியிருக்கும். அந்தப் பூனை அப்ளிகேஷன் போட்டால் நூற்றுக்கு நூறு. ஸ்திரமான இடம், பாறை மாதிரி. ஒழுக்கம், உலகம் அறிந்தது. சிபாரிசு, சுற்றிலும் ரிஷிகள். கைவிட நினைப்பவனுக்கு நல்ல பதில் எழுதுவதில் என்ன கஷ்டம்? 'வாடகை' என்று நிஜத்தை எழுதுகிறவன்தான் மாட்டிக்கொள்கிறான். சாலரி ஸ்லிப் ஒருவன் சம்பளத்தைச் சொல்லும். ராத்திரி இரண்டு மணிக்குப் பூனை வாந்தி எடுத்தால் எழுந்திருப்பானா என்று சொல்லாது.

★

எனக்குத் தோன்றுவது இதுதான். வலை இருக்கிறதா, கருத்தடை செய்வாயா, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், மாதம் ஆயிரம் இரண்டாயிரம் தாங்குமா என்று கேளுங்கள். கண்டிப்பாகக் கேளுங்கள். சொந்த வீடா, தாலி கட்டியாயிற்றா என்பதை விட்டுவிடுங்கள். முடிந்தவரை கருத்தடை செய்தே கொடுங்கள். முதல் ஒரு மாதம் தாற்காலிகமாக ஒப்படைத்து, வாரம் ஒரு படம் வாங்கிப் பாருங்கள். 46 கேள்வியில் தெரியாதது நாலு படத்தில் தெரிந்துவிடும். தர முடியாது என்றால், அதை ஒரு வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். அறுபது பூனைக்கு மருந்து ஊட்டுகிறவருக்கு நேரமில்லை என்பது தெரிகிறது. ஆனால் 'இல்லை சார்' என்பது இரண்டே வார்த்தை. பதிலே வராதவன் நேரே போய்க் கடையில் கூண்டில் விற்கிற பெர்ஷியன் பூனையைக் காசு கொடுத்து வாங்கிவிடுகிறான். காப்பகத்தில் ஒரு கூண்டு காலியாகாமலே போகிறது.

கேட்கப் போகிற நம் ஆட்களுக்கும் நாலு வார்த்தை. வலையை முன்னாலேயே போட்டுவிடுங்கள். எடுத்து வர மூடி போட்ட கூடை வேண்டும். கட்டைப்பையை நீட்டினால் அங்கேயே நீங்கள் ஃபெயில். எட்டாவது வாரம் முதல் தடுப்பூசி, மூன்று நாலு வாரம் கழித்து அடுத்தது, மூன்றாம் மாதம் ரேபிஸ் ஊசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி. இதை மனப்பாடமாகச் சொன்னால் பேட்டியில் பாதி மதிப்பெண். ஜுரம் என்று நாம் போட்டுக்கொள்கிற பாரசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். பரிதாபப்பட்டுக்கூட பாதி உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். கடைசியாக, இரண்டு வருஷத்தில் பெங்களூரோ துபாயோ போகிற யோசனை இருந்தால், இப்போது கேட்காதீர்கள். வாசலைப் பூட்டிவிட்டுப் போகிற ஒருவரால், பின்னால் வருகிற பத்துப் பேருக்குப் பத்துக் கேள்வி கூடுகிறது.

மூன்றாவது காப்பகம் மூன்றே நாளில் பதில் சொல்லிவிட்டது. சாலரி ஸ்லிப் கேட்கவில்லை, கல்யாணத்தைக் கேட்கவில்லை. ஆனால் ஒற்றைக் குட்டியாகத் தருவதில்லையாம், ஜோடியாகத்தான். குட்டிகள் ஒன்றோடொன்று சண்டை போட்டுத்தான், எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் கற்றுக்கொள்ளுமாம். நியாயம்தான். வரிசையில் பதினாலாவது ஆளாக என்னைப் போட்டிருக்கிறார்கள். சுப்புவின் காப்பகத்திலும் மனுவைப் புதுப்பித்து வைத்திருக்கிறேன். தும்மல் குறைந்திருக்கிறது, கூண்டின் முன்பக்கம் வந்து உட்காருகிறான் என்று போன வாரம் அந்தம்மாள் தாமாகவே படம் அனுப்பினார். அவர் சம்மதம் என்று சொல்லவில்லை. ஆனால் படம் அனுப்பினார்.

வீட்டுக்காரர் தினம் காலையில் மோட்டார் போட வரும்போது என் வாசலில் நின்று விசாரிக்கிறார்.

"என்ன தம்பி, பூனை வீட்டுல இருந்து தகவல் உண்டா?"

"இன்னும் இல்லை சார். விசாரிச்சுக்கிட்டே இருக்காங்க."

"விசாரிக்கட்டும், அவசரப்படாதீங்க. இவ்வளவு விசாரிக்கிறாங்கன்னா நல்ல குடும்பமாத்தான் இருக்கும்."